பயன்பாடு தெரியாத அண்டா

ஈப்போ நகரில் பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு மன்றம் இருந்தது. யாரிடமிருந்து காப்பாற்றியது என்று கேட்டால், பெரும்பாலும் அந்தப் பாரம்பரியத்துக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து என்றுதான் நான் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

மன்றத்துக்கு ஓர் அரும்பொருளகம் உண்டு. முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. வெள்ளையடித்து, குளிர்சாதனம் பொருத்தி, வாசலில் காவலுக்கு ஒரு ஜாகாவை உட்கார வைத்ததும் அரும்பொருளகம் ஆகிவிட்டது. 1982ஆம் ஆண்டை மன்றம் 'பொதுமக்கள் ஆண்டு' என்று அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகள் யாருடையவை என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வாசலில் பெரிய பதாகை தொங்கியது: 'பார்ப்போம், பகிர்வோம், பயணிப்போம், அன்றாட வாழ்வை வளமாக்குவோம்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'எதையும் தொடக்கூடாது' என்று இருந்தது.

இத்தனை 'வோம்'களுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டவர் பத்துமலை. நகராண்மைக் கழகத்தில் லோரி ஓட்டுகிறவர். ஐம்பது வயது, அடுக்குமாடியில் நான்காவது மாடி வீடு, யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கும் சுபாவம். அந்தச் சுபாவத்தால்தான் தனக்குக் கல்யாணமே நடந்தது என்று அவர் மனைவி கருப்பம்மாள் சொல்வாள். அதனால் அவள் அதைப் பற்றி அதிகம் குறைபட்டுக்கொள்வதில்லை.

பத்துமலை பிறந்து வளர்ந்தது கோப்பெங் பக்கம் ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தில் ஒரு பொது அண்டா இருந்தது. பித்தளை அண்டா, உள்ளே ஈயம் பூசியது, அரை மூட்டை அரிசியை ஒரே கொதியில் சோறாக்கித் தரும். 1951இல் நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, 'ஆறாங்கட்டைத் தோட்டம், பொது அண்டா' என்று விளிம்பில் பெயர் வெட்டி வைத்தார்கள். அன்று முதல் தோட்டத்தில் எந்தக் கல்யாணமானாலும், கருமாதியானாலும், தீமிதியானாலும் சோறு அதில்தான் வெந்தது. தோட்டத்தோடும் அது நிற்கவில்லை. சுங்காய் வரைக்கும் சம்பந்தி வீடுகளுக்குப் போய் வந்தது. ஒரு மாசி மகத்துக்கு லூமுட் கடற்கரைக்குப் போய், திரும்பும்போது லோரியிலிருந்து விழுந்து இடுப்பில் ஒரு நெளிசல் வாங்கிக்கொண்டு வந்தது.

அண்டாவுக்கு வாடகை கிடையாது, நோட்டுப் புத்தகம் கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு. வாங்கிப் போனவர்கள் புளி போட்டுத் தேய்த்து, வெறுமனே திருப்பித் தராமல், உள்ளே எதையாவது வைத்துத் தர வேண்டும். ஒரு படி அரிசி, ஒரு தேங்காய், ஒன்றுமே முடியாவிட்டால் ஒரு கட்டி வெல்லம். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் யாரும் மீறவும் இல்லை.

1979இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஆட்கள் ஈப்போவுக்கும் சுங்காய்க்கும் சிதறிப் போனார்கள். அண்டாவை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது பத்துமலை வழக்கம்போல 'சரி' என்றார். அது அவரோடு ஈப்போவுக்கு வந்தது. நான்காவது மாடிக்கு ஏறவில்லை, மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. பூனை ஒன்று அதில் மூன்று முறை குட்டி போட்டது.

அந்த நிலையில்தான் தை மாதம் ஒரு காலையில் அரும்பொருளகத்தின் காப்பாளர் சிவசுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். லண்டனில் ஆறு வாரம் படித்தவர். அந்த ஆறு வாரத்தை அதன் பிறகான பதினொரு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். அண்டாவைச் சுற்றி மூன்று முறை நடந்தார், கோயிலில் நடக்கிற மாதிரி.

"இதை நீங்கள் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்றார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். எத்தன நாளைக்கு வேணும்?"

"பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப் போகிறோம்."

"அதான் சார், பாத்து முடிக்க எத்தன நாளாவும்? ஆவணியில நம்ம இருளாயி அக்கா மவளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள வந்துட்டாப் போதும்லா."

"அரும்பொருளகம் என்றென்றும் உங்களுடையது" என்று சொல்லி, காப்பாளர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

பத்துமலைக்கு இது புதிதாக இருந்தது. "வாங்கிட்டுப் போறவங்கதானே சார் கையெழுத்துப் போடணும்? நான் குடுக்கிறவன்."

"எங்கள் முறை வேறு."

படித்தவர்கள் முறை வேறாகத்தான் இருக்கும் என்று பத்துமலை கையெழுத்துப் போட்டார். உலகத்தில் ஒரு பாத்திரத்தை இரவல் வாங்கினால் திருப்பித் தருவார்கள் என்பதைத் தவிர வேறு சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

ஆனி மாதம் அண்டாவை வாங்கிவரப் பத்துமலை போனார். நுழைவுச் சீட்டு வாங்கச் சொன்னார்கள், வாங்கினார். உள்ளே கடைசி அறையில் சிவப்பு வெல்வெட் மேடை மேல் அண்டா நின்றது. சுற்றிலும் கயிறு. மேலே இருந்து ஒரு விளக்கு. முப்பது வருடம் அடுப்புக் கரியோடு கிடந்ததைப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கோலத்தில் பார்த்ததும் பத்துமலைக்கு அதனிடம் சட்டென்று பேச்சுக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை:

'எண் 87. பெருங்கலம். உலோகம். பயன்பாடு: தெரியவில்லை. சடங்கு சார்ந்ததாக இருக்கலாம்.'

"சார், இது சோறாக்குற அண்டா" என்றார் பத்துமலை.

"அப்படி ஒரு கருத்தும் இருக்கிறது" என்றார் காப்பாளர். "ஆனால் ஆதாரம் வேண்டும்."

"நான் சாப்பிட்டிருக்கேன் சார்."

"அது வாய்மொழித் தகவல்."

"விளிம்புல பேரே வெட்டியிருக்கு. பொது அண்டான்னு."

"குறியீடுகள் சில உள்ளதாகப் பதிவு இருக்கிறது. அவை சுவர்ப் பக்கம் இருக்கின்றன. பொருளைத் திருப்பி வைக்க மன்றக் குழுவின் அனுமதி வேண்டும்."

பத்துமலை வந்த விஷயத்தைச் சொன்னார். காப்பாளர் பொறுமையாக விளக்கினார். அண்டா இப்போது அண்டா இல்லை, எண் 87. அது அன்றாட வாழ்க்கையிலிருந்து வெளியேறிவிட்டது. கையெழுத்துப் போட்ட தாள் நன்கொடைப் பத்திரம். இரவல் கேட்கலாம், ஆனால் இரவல் கேட்பது ஒரு நிறுவனமாக இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் இருபத்திரண்டு டிகிரி குளிர் இருக்க வேண்டும். பொருளைத் தொடுகிறவர்கள் வெள்ளைக் கையுறை அணிய வேண்டும். நெருப்புக்கு நூறு அடிக்குள் பொருளைக் கொண்டு போகக்கூடாது.

"சோறாக்கணும் சார். நெருப்பு அடியிலேயே இருக்கணும்."

"அதைச் சிறப்பு நிபந்தனை என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள்" என்றார் காப்பாளர்.

வீட்டுக்கு வந்தபோது இருளாயி காத்திருந்தாள். ஆறாங்கட்டையில் இருபத்தைந்து வருடம் விசேஷச் சோறு பொங்கியவள் அவள்தான். இப்போது ஈப்போவில் ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை. புருஷன் இல்லாமல் தனியாக வளர்த்த ஒரே மகள் பூங்காவனத்துக்குத்தான் கல்யாணம். தோட்டம் கலைந்த பிறகு நடக்கிற முதல் கல்யாணம் என்பதால், சிதறிப்போன நாற்பத்திரண்டு குடும்பமும் வருகிறது. பத்துமலை தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார்.

இருளாயி கோபப்படவில்லை. அதுதான் பத்துமலைக்கு அதிகம் வலித்தது.

"எல்லா வூட்டுப் பொண்ணுக்கும் அதுலதான் நான் சோறு பொங்கிப் போட்டேன் தம்பி" என்றாள். "எம் பொண்ணுக்கு மட்டும் கடையில வாடக அண்டாவா? வாரவங்க மொதல்ல கேக்கப்போறது, அண்டா எங்கன்னுதான். நான் என்னா சொல்லட்டும்? நீயே சொல்லு."

பத்துமலை தன் அண்டாவாக இருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பார். நாற்பத்திரண்டு குடும்பம் நம்பிக் கொடுத்ததைத் தூக்கி யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தலில் மறுநாளே விண்ணப்பம் கேட்டுப் போனார்.

விண்ணப்பப் பாரம் ஒன்பது பக்கம். 'இரவலின் கல்விசார் நோக்கம்' என்ற இடத்தில் 'கல்யாணம்' என்று எழுதினார். 'ஆய்வின் காலம்' என்ற இடத்தில் 'ஒரு நாள், மறுநாள் தேய்த்துத் தருகிறோம்' என்று எழுதினார். 'முந்தைய வெளியீடுகள்' என்ற இடத்தில் நெடுநேரம் யோசித்து, பிள்ளைகள் இருவரின் பெயரையும் எழுதினார்.

விண்ணப்பத்தைக் குழுதான் பார்க்க வேண்டும். குழு ஊரில் இல்லை. 'அரும்பொருளகத்தை மக்களுக்கு அருகே கொண்டு செல்வது எப்படி' என்று படித்து வர ஐரோப்பாவுக்குப் போயிருந்தது. பதினேழு நாளில் ஒன்பது நாடு. மக்களுக்கு அருகே வருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

ஆடிக் கடைசியில் குழு திரும்பியது. பத்துமலையைக் கூட்டத்துக்கு அழைத்தது. நீளமான மேசை, எல்லோர் முன்னாலும் தண்ணீர்ப் போத்தல். பத்துமலைக்கு மேசைக்கு வெளியே ஒரு நாற்காலி. மன்றத் தலைவர் மெய்யப்பன் எழுந்தார். ஈப்போவில் மூன்று தலைமுறையாக வியாபாரம், நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒலிவாங்கியைப் பார்த்தால் மட்டும் கட்டுப்பாடு போய்விடும். அந்த அறையில் ஒலிவாங்கி தேவையே இல்லை, எட்டுப் பேர்தான். ஆனாலும் இருந்தது.

"நண்பர்களே! நம் மக்களிடம் ஒரு பொருள் இருந்தால் என்ன செய்வார்கள்? பயன்படுத்துவார்கள். பயன்படுத்தினால் பொருள் தேயும். தேய்ந்தால் நாளை மக்களுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்? ஆகவே மக்களையும் பொருளையும் பிரித்து வைப்பதே மக்களுக்கு நாம் செய்யும் முதல் தொண்டு. நான் இந்தப் பயணத்தில் இருபத்தாறு அரும்பொருளகங்களைப் பார்த்தேன். ஒன்றில்கூட யாரும் சோறு பொங்கவில்லை. ஓரிடத்தில் காப்பி கொடுத்தார்கள். அருமையான காப்பி. அந்தக் காப்பியைக் குடித்தபோதுதான் பகிர்வு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. அது எல்லோருக்கும் கிடைக்காது."

எல்லோரும் கை தட்டினார்கள். பத்துமலையும் தட்டினார்.

பிறகு விவாதம் நடந்தது. ஓர் உறுப்பினர், அண்டாவை முழு அளவில் புகைப்படம் எடுத்துக் கல்யாண வீட்டில் சமையல் கட்டுக்கு மேலே மாட்டலாம், அந்த உணர்வு வந்துவிடும் என்றார். இன்னொருவர், படத்துக்கும் கயிறு கட்ட வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தார். திருத்தம் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

"சோறு எதுல சார் வேகும்?" என்று கேட்டார் பத்துமலை.

'உறுப்பினர் அல்லாதவர் ஒரு தொழில்நுட்பக் கேள்வி எழுப்பினார்' என்று செயலாளர் குறித்துக்கொண்டார். கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் ஐப்பசியில்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார் பத்துமலை. வாசலில் ஜாகா வேலை பார்க்கும் சீனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுங்காய்க்காரர். நான்கு வருடமாக அந்த வாசலில் இருப்பதால், உள்ளே இருக்கிற எல்லோரையும்விட அரும்பொருளகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, கதவத் தட்டுறீங்க, சரி. ஆனா தப்புக் கதவா தட்டுறீங்க" என்றார் சீனி. "அண்டாவக் குடுன்னு கேட்டா ஒருக்காலும் குடுக்க மாட்டாங்க. அண்டாவக் கொண்டாந்து எங்களுக்குக் காட்டுங்கன்னு கேளுங்க. ஓடி வருவாங்க."

கொல்லையில் நின்ற லோரியைச் சீனி காட்டினார். 'நடமாடும் காட்சித் திட்டம்' என்று பக்கவாட்டில் எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. எந்த ஊர்க்காரர்கள் விண்ணப்பித்தாலும் அரும்பொருளகமே பொருளைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்கு வரும். திட்டம் மிக நல்ல திட்டம். அப்படி ஒன்று இருப்பதை யாருக்கும் சொல்லாததால் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. லோரி வெகுநாள் ஒரே இடத்தில் நின்றதால் கணக்கெடுப்பின்போது அதற்கும் ஒரு எண் ஒட்டிவிட்டார்கள். எண் 163.

"வருசக் கடைசியில அறிக்கை எழுதணும்லா. எத்தன பேரு பாத்தாங்கன்னு காட்டணும். போன வருசம் என்னையும் சேத்து எண்ணுனாங்க. தபால்காரனக்கூட ரெண்டு தடவ எண்ணிட்டாங்க" என்றார் சீனி. "நீங்க நானூறு பேருன்னு எழுதுங்க. அப்புறம் பாருங்க."

இருவருமாக அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். இடம்: கோப்பெங் பொது மண்டபம். தலைப்பு: 'தோட்டத் தமிழர் விருந்தோம்பல், நேரடிச் செய்முறை விளக்கத்துடன்.' விரும்பும் பொருள்: எண் 87. எதிர்பார்க்கும் பார்வையாளர்: நானூறு. நாள்: பூங்காவனத்தின் முகூர்த்த நாள்.

இரண்டே நாளில் அனுமதி வந்தது. அதோடு பாராட்டுக் கடிதமும் வந்தது. மக்களிடமிருந்தே இப்படி ஒரு தாகம் எழுந்தது குழுவை நெகிழ வைத்துவிட்டதாம். தலைவர் மனைவியோடு நேரில் வந்து தொடக்கி வைப்பார். நேரடிச் செய்முறை விளக்கம் என்பதால் நெருப்புக்கும் தடையில்லை. விளக்கத்தை எதைக் கொண்டும் செய்யலாம் என்று திட்டத்தின் விதி சொன்னது. லோரியை ஓட்ட ஆள் இல்லை. பத்துமலை ஒரு நாள் விடுப்புப் போட்டு, எண் 87ஐ எண் 163இல் ஏற்றிக்கொண்டு கோப்பெங்குக்கு ஓட்டினார். தான் கொடுத்த அண்டாவைத் தானே கொண்டு போவதற்கு அவர் தன்னார்வலர் சான்றிதழ் ஒன்றும் பெற்றார்.

மண்டபத்தின் பின்பக்கம் மூன்று கல் அடுப்பு தயாராக இருந்தது. அண்டா இறங்கியதும் ஆறாங்கட்டைக்காரர்கள் எல்லாம் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் நெளிசலைத் தடவிப் பார்த்தார். ஒருவர் விளிம்பில் இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் படித்தார். சுங்காயிலிருந்து வந்த ராமையா, அண்டா ஏன் இப்படி மினுக்குகிறது, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். காப்பாளர் பதறிப்போய்க் கயிறு கட்டினார். அடுப்பைச் சுற்றி நான்கு கம்பம், சிவப்புக் கயிறு, உள்ளே விறகு, மேலே அண்டா, பக்கத்தில் அட்டை: 'பயன்பாடு: தெரியவில்லை.'

இருபத்திரண்டு டிகிரி நிபந்தனையை மறக்கவில்லை. அடுப்புக்கு எதிரே ஒரு மேசை விசிறியை வைத்தார்கள். விசிறிக் காற்றில் தீ இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. காப்பாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்தார். நூறைத் தொட்டதும் குறிப்பதை நிறுத்திவிட்டு, விசிறி வேலை செய்தது என்று மட்டும் எழுதினார்.

இருளாயிக்கும் வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு துடுப்பைப் பிடித்தாள். சோறு கொதித்தது. பதம் பார்க்கும் நேரம் வந்ததும் வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினாள்.

"அம்மா, கையுறை" என்றார் காப்பாளர்.

"வெந்துச்சா இல்லையான்னு நசுக்கிப் பாத்தாதான் தெரியும் சார். துணிக்குத் தெரியுமா?"

காப்பாளர் யோசித்து எழுதினார்: 'இடது கை, உறை உண்டு. வலது கை, தவிர்க்க இயலாத காரணத்தால் இல்லை.'

இதற்குள் முன்பக்கம் தலைவர் மெய்யப்பன் ஒலிவாங்கியைப் பார்த்துவிட்டார். மணவறையில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருந்ததால், இரண்டு வார்த்தை பேசட்டும் என்று விட்டார்கள். இரண்டு வார்த்தை இருபது நிமிடம் போனது. அரும்பொருளகம் மக்களிடம் வந்துவிட்டது என்றார். நானூறு பேர் இவ்வளவு அமைதியாகச் செய்முறை விளக்கத்துக்குக் காத்திருப்பதை ஐரோப்பாவில்கூடத் தான் பார்த்ததில்லை என்றார். இலை போட்டு உட்கார்ந்திருந்த முதல் பந்தி அவரை வெறித்துப் பார்த்தது.

"இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்று தலைவர் ஒரு விரலை உயர்த்தி ஆட்டினார்.

மேளக்காரர்களுக்கு அவர் என்ன பேசினார் என்பதில் அக்கறை இல்லை. விரல் ஆடினால் கெட்டிமேளம். தவிலும் நாதஸ்வரமும் ஒரே வீச்சில் முழங்கின. மாப்பிள்ளை பதறித் தாலியைக் கட்டினார். அட்சதை பறந்தது. நல்ல வேளையாக முகூர்த்த நேரம் தொடங்கி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. ஐயர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு மூச்சு விட்டார். தலைவர் அந்த ஒன்றே ஒன்றைச் சொல்லி முடித்தாரா என்று யாருக்கும் கேட்கவில்லை. அட்சதை தன் மேலும் விழுந்ததால் உரை நன்றாக அமைந்தது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

பந்தி நடந்தது. இலையில் சோறு விழுந்ததும் பேச்சு அடங்கி, பிறகு மெல்ல மெல்லப் பெருகியது. மூன்று வருடமாக ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் இலையைத் தாண்டித் தாண்டிப் பேசினார்கள். யார் எந்தத் தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள், யார் வீட்டில் யார் செத்தார்கள், யார் பிள்ளை ஐந்தாம் படிவத் தேர்வில் தேறியது. காப்பாளரும் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று முறை சோறு வாங்கினார். அதை ஆய்வு என்று சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தார்கள். காப்பாளர் நிலைமை அறிக்கையைப் பிரித்தார். 'புறப்படும்போது உள்ளே: ஒன்றுமில்லை. திரும்பும்போது உள்ளே: ஒன்றுமில்லை.' இரண்டாவது வரி முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது.

இருளாயி அண்டாவை நிமிர்த்தி, ஒரு படி அரிசியை உள்ளே போட்டாள். ஒரு தேங்காய் வைத்தாள். ஒரு கட்டி வெல்லம் வைத்தாள்.

"அம்மா, காலியாகத்தான் வாங்க முடியும்" என்றார் காப்பாளர்.

"வெறும் அண்டாவ நான் குடுக்க மாட்டேன் சார். எம் பொண்ணு இன்னிக்குத்தான் வாழப் போறா."

"விதி இருக்கிறது அம்மா. எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே."

கூட்டம் கூடிவிட்டது. தலைவரும் அவர் மனைவி செகப்பி ஆச்சியும் வந்து நின்றார்கள். எல்லோரும் பத்துமலையைப் பார்த்தார்கள். எப்போதும் 'சரி' என்று சொல்கிறவர் அவர்தான்.

"சார், தை மாசம் அண்டாவ நீங்க எடுத்துட்டுப் போனீங்க. ஏழு மாசம் வச்சிருந்தீங்க. இன்னிக்கிக் காலையில கொண்டாந்து எறக்குனப்ப உள்ள எட்டிப் பாத்தேன். ஒன்னுமில்ல. வெறுமனே குடுத்திருந்தீங்க. நான் யாருகிட்டயும் சொல்லல. உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன். நீங்க தெரியாதவங்க, சரி. எங்களுக்குத் தெரியும் சார். எங்கள அப்படிச் செய்யச் சொல்லாதீங்க."

லண்டன் படிப்பில் இதற்கு ஒரு பாடம் இருந்திருக்க வேண்டும், காப்பாளர் அன்று வகுப்புக்குப் போகவில்லை போலிருக்கிறது. தலையைக் குனிந்து அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செகப்பி ஆச்சி தாம்பாளத்திலிருந்து ஒரு கை கற்கண்டை அள்ளி அண்டாவுக்குள் போட்டார். "எங்க வீட்டுப் பாத்திரமும் ஊரெல்லாம் போகும் வரும். ஒன்னாச்சும் வெறுமனே வந்ததில்லை" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "பேசாம ஏத்தச் சொல்லுங்க" என்றார். தலைவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒலிவாங்கியைத் தேடாமல் தலையசைத்தார்.

காப்பாளர் விதியை விட்டுக்கொடுக்கவில்லை, விதியை நீட்டினார். அரிசி எண் 87-அ, தேங்காய் 87-ஆ, வெல்லம் 87-இ, கற்கண்டு 87-ஈ என்று பதிவாகி, கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. வெல்லத்துக்கு எறும்புகள் வந்தன. அவற்றைப் பார்வையாளர் கணக்கில் சேர்க்கவில்லை என்று சீனி சத்தியம் செய்கிறார். தேங்காய் மூன்றாம் மாதம் முளைவிட்டது.

அதற்கப்புறம் நடமாடும் காட்சித் திட்டம் ஓய்வே இல்லாமல் நடமாடியது. மறு வருடம் மட்டும் கோப்பெங்குக்கு மூன்று முறை, சுங்காய்க்கு நான்கு முறை, லூமுட்டுக்கு ஒரு முறை. எல்லா ஊர்க்காரர்களும் எண் 87ஐத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாரத்தைப் பத்துமலையும் சீனியும் எழுதித் தந்தார்கள். ஆண்டறிக்கை பெருமையோடு வெளிவந்தது. அதில் ஒரு பத்தி இது: 'ஆடி, மார்கழி ஆகிய இரு மாதங்களில் மட்டும் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. அம்மாதங்களில் மக்களுக்குப் பாரம்பரியத்தின் மேல் நாட்டம் குறைந்துவிடுவதாகத் தெரிகிறது. காரணம் ஆராயத்தக்கது.' அதை ஆராய்வதற்குக் குழு ஜப்பானுக்குப் புறப்பட்டது.

குழு விமானம் ஏறிய வாரம், காப்பாளர் சிவசுப்பிரமணியன் நான்கு மாடி ஏறிப் பத்துமலை வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. கருப்பம்மாள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே" என்றார். அதுவரை அவர் பத்துமலையை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. "தை மாசம் என் மகளுக்குக் கல்யாணம். அன்னைக்குச் சாப்பிட்டேனே, அந்தச் சோறு மாதிரி... அண்டாவ நான் கேட்க முடியாது. நான் அங்க வேலை பார்க்கிறவன்."

பத்துமலை சிரிக்கவில்லை. "எத்தன நாளைக்கு வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு நாள்."

"சரி" என்றார் பத்துமலை. "பாரம் நான் எழுதித் தாரேன். இருளாயி அக்காகிட்டயும் சொல்லிடுறேன், வந்து பொங்கிக் குடுக்கும். கையுறையெல்லாம் கேக்காதீங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் காலை லோரி அரும்பொருளகக் கொல்லையில் வந்து நின்றது. காப்பாளர் முன் சீட்டிலிருந்து இறங்கினார். புளியில் தேய்த்துத் தேய்த்து அவர் விரல்கள் எல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. அண்டாவுக்குள் ஒரு படி அரிசியும், தேங்காயும், வெல்லமும், அது போதுமோ போதாதோ என்று மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன. இந்த முறை எதற்கும் எண் போடவில்லை. அரிசியைச் சீனி வீட்டுக்குக் கொடுத்தார். பழத்தை எல்லோருமாகப் பிய்த்துச் சாப்பிட்டார்கள்.

பிறகு அண்டாவை உள்ளே கொண்டுபோய் வெல்வெட் மேடையில் ஏற்றினார்கள். பக்கத்தில் அட்டை அப்படியே இருந்தது: 'பயன்பாடு: தெரியவில்லை.' காப்பாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அட்டையை மாற்றக் குழு கூட வேண்டும். குழு இன்னும் ஜப்பானில்தான் இருந்தது.